பொய்கொட் என்று ஒரு மனிதர் இருந்தார்

போன கிழமை ஆண்டு 10 வகுப்பில் ஆங்கிலப் பாடம். "எங்கள் வீட்டில் நாங்கள் செய்யும் ஒரு நல்ல காரியம்" என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் எழுதிய வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: "வீ பொய்கொட் ஃப்ரம் தட் ட்ரிங்க்." காஸா போர் தொடங்கியதிலிருந்து அவனுடைய வீட்டில் ஒரு குளிர்பானத்தை வாங்குவதில்லை. அதைத்தான் எழுதியிருந்தான். நான் "ஃப்ரம்" என்ற சொல்லைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

"ஏன் சேர் வெட்டினீங்க? அதுல இருந்து விலகித்தானே இருக்கிறோம்?"

நியாயமான கேள்வி. அந்த வினைச்சொல் நேராகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் யாரும் நிற்கக் கூடாது என்றேன். கருத்து என்ன என்று இன்னொருவன் கேட்டான். "பகிஷ்கரிப்பு" என்றேன். "அப்படீண்டா என்ன சேர்?" என்றான்! ஆங்கிலச் சொல் தெரிகிறது, தமிழ்ச் சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார்கள். பின்வாங்கிலிருந்து ஒருவன், "அது ஒரு கிரிக்கெட் கொமென்ட்ரி காரர்ட பேர் சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் பாதி சரி. அது ஒரு மனிதரின் பெயர்தான், ஆள் வேறு.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். முதல் மாணவன் கொப்பியை வாங்கிக்கொண்டு போகும்போது சொன்னான்: "பாடசாலைக்குக் கிட்ட இருக்கிற அந்த அக்காட கடையையும் பொய்கொட் பண்ணிட்டோம் சேர். அவங்க இன்னும் அத விக்கிறாங்க."

அந்த அக்கா யார் என்று எங்கள் பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து லயத்திலிருந்து வந்து ஒரு தகரக் கொட்டிலில் வடையும் பிளேன்ரீயும் விற்கிறவர். அன்றிரவு எனக்கு அந்தச் சொல் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இருந்து தேடி வாசித்தேன். வாசித்ததை இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட். 1832 இல் இங்கிலாந்தின் நோர்ஃபொக் பகுதியில் பிறந்தவர். சில வருடங்கள்தான் இராணுவத்தில் இருந்தார், ஆனாலும் ஊர் அவரை "கெப்டன்" என்றே கூப்பிட்டது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் லொக் மாஸ்க் என்ற ஏரிக்கரையில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஏர்ன் பிரபு என்ற பெரிய காணிச் சொந்தக்காரரின் முகவராக வேலை பார்த்தார். குத்தகை வசூலிப்பது, கொடுக்காதவனை எழுப்புவது இதுதான் வேலை. தானும் கொஞ்சம் காணி எடுத்து விவசாயம் செய்தார்.

புசல்லாவைக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். எங்கள் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தை 1840களில் கோப்பி போட்டுத் தொடங்கிய வேர்ம்ஸ் சகோதரர்கள் காலத்திலிருந்து இன்றுவரை, தோட்டத்து மக்கள் கண்ணால் பார்ப்பது துரையைத்தான். சொந்தக்காரர் எங்கேயோ இருப்பார். லண்டனில் இருந்தார், பிறகு கொழும்பில் இருந்தார். கோபம் எல்லாம் பங்களாவில் இருப்பவர் மீதுதான் விழும். பொய்கொட்டும் ஒரு துரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1879 இல் அயர்லாந்தில் விளைச்சல் மோசம். அந்த வருடம் ஒக்டோபரில் குத்தகை விவசாயிகளுக்காக காணிச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. மைக்கல் டேவிட் அதைக் கட்டியெழுப்பினார், சார்ள்ஸ் ஸ்டுவர்ட் பார்னெல் தலைவர். அடுத்த வருடம் ஏர்ன் பிரபுவின் குடிகள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள். அவர் நூற்றுக்கு 10 தான் குறைப்பேன் என்றார். பொய்கொட்டின் கையால் வெளியேற்றும் அறிவித்தல்கள் புறப்பட்டன.

அதற்குச் சில நாள் முன்பு, 1880 செப்டெம்பர் 19 அன்று, எனிஸ் என்ற ஊரில் பார்னெல் பேசினார். ஒருவன் வெளியேற்றப்பட்ட காணியை இன்னொருவன் போய் எடுத்துக்கொண்டால் அவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். சுட வேண்டும் என்று சிலர் கத்தினார்கள். அதைவிட நல்ல வழி இருக்கிறது என்று பார்னெல் சொன்னார். வீதியில் கண்டால் பேசாதே, கடையில் கண்டால் பேசாதே, சந்தையில், கோயிலில்கூட அவனைத் தனியாக விடு, அந்தக் காலத்தில் தொழுநோயாளியை விட்டது போல.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஏழைகள் பணக்காரனுக்கு எதிராகக் கண்டுபிடித்த ஆயுதம் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் பார்னெல் அன்று சுட்டிக்காட்டியது காணிச் சொந்தக்காரரை அல்ல. அடுத்தவன் காணிக்கு ஆசைப்படும் இன்னொரு ஏழை விவசாயியைத்தான். பொய்கொட் அதில் முதலில் மாட்டியது அவருடைய காலக்கெடு.

செப்டெம்பர் 22. அறிவித்தல் கொடுக்கப் போனவரை ஊர்ப் பெண்கள் சேற்றாலும் சாணத்தாலும் அடித்து விரட்டினார்கள். அடுத்த நாள் ஊர் திரண்டு லொக் மாஸ்க் வீட்டுக்குப் போனது. வயல் வேலைக்காரர்கள் விட்டுப் போனார்கள். வீட்டு வேலைக்காரர்களும் போனார்கள். கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. துணி துவைக்கிறவர் வரவில்லை. தபால் கொண்டுவரும் பையனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து பட்டணமான பலின்ரோபில் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. வயலில் கிழங்கும் தானியமும் அழுகத் தொடங்கியது. பொய்கொட் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகைக்குத் தன் நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதினார். அதுதான் அவர் செய்த பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் அந்த ஏரிக்கரைக்கு வெளியே யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது. இன்று ஜப்பான்காரனும் சொல்கிறான்.

கடிதம் வந்ததும் வடக்கிலிருந்து ஆதரவாளர்கள் கிளம்பினார்கள். கவன், மொனகன் மாவட்டங்களிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைப் பாதுகாக்க ஆயிரம் பேர் அளவில் படையினரும் பொலிஸாரும்! நவம்பர் மாதம், மழை. இரண்டு கிழமையில் அறுவடை முடிந்தது. 500 பவுண் பெறுமதியான விளைச்சலை எடுக்க 10,000 பவுண் அளவில் செலவாகியது என்று அப்போது கணக்குப் பார்த்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பொய்கொட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டுப் போனார்.

சரி, அவர் பெயர் எப்படி வினைச்சொல் ஆனது? ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அப்போது அங்கே இருந்தார். அவருக்கும் உள்ளூர்ப் பாதிரியார் ஜோன் ஓமாலிக்கும் நல்ல பழக்கம். இப்படி ஊரே ஒரு மனிதனை ஒதுக்குவதற்கு ஒரு சொல் வேண்டும் என்று ரெட்பாத் யோசித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் "ஒஸ்ட்ரசைஸ்" என்று கிரேக்கத்திலிருந்து வந்த சொல் ஏற்கனவே உண்டு. ஆனால் அதைச் சொன்னால் விவசாயிகளுக்கு விளங்காது என்றார் பாதிரியார். பிறகு யோசித்துவிட்டு, "அவரை பொய்கொட் பண்ணுவது" என்று சொன்னால் எப்படி என்று கேட்டாராம். ரெட்பாத் அதை எழுதினார். அந்த வருடம் நவம்பர் முடிவதற்குள் லண்டன் பத்திரிகைகளில் அது வினைச்சொல்லாக ஓடத் தொடங்கிவிட்டது. கொஞ்ச வருடத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன.

படித்தவருக்குத் தெரிந்த சொல்லை ஒதுக்கிவிட்டு படிக்காதவருக்கு விளங்கும் சொல்லைத் தேடிய பாதிரியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு இதைத்தான் இரண்டு வருடம் படிப்பித்தார்கள்.

ஆள் பெயர் வினையாவது ஆங்கிலத்தில் புதினம் இல்லை. லயத்துக் கூரைத் தகரத்தை "கல்வனைஸ்" என்கிறோமே, அது இத்தாலிய விஞ்ஞானி கல்வானியின் பெயர். பால் பைக்கற்றில் "பாஸ்டரைஸ்" என்று இருக்கும், அது லூயி பாஸ்டர். ஆனால் அவர்களுக்கு அது மரியாதை. பொய்கொட்டுக்கு அது தண்டனை.

இனி ஆங்கில ஆசிரியராகக் கொஞ்சம். இந்தச் சொல்லைப் பிள்ளைகள் சும்மா "போகவில்லை", "வாங்கவில்லை" என்பதற்கெல்லாம் போடுகிறார்கள். சோதனைக்கு வராதவன் "ஐ பொய்கொட்டட் த எக்ஸாம்" என்று எழுதினால் அது பொய். காய்ச்சலில் படுத்திருந்தவன் பகிஷ்கரிக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். வழமையாகப் போகிற இடத்துக்குத்தான் போகாமல் இருக்க முடியும். நுவரெலியாவில் நான் வாழ்க்கையில் காலடி வைக்காத பெரிய ஹோட்டலை நான் பகிஷ்கரிக்கிறேன் என்றால் ஹோட்டல்காரர் சிரிப்பார். காரணத்தை வெளியே சொல்லவும் வேண்டும், எதைச் செய்தால் திரும்பி வருவோம் என்றும் சொல்ல வேண்டும். லொக் மாஸ்க் மக்கள் சொன்னார்கள்: குத்தகையைக் குறை. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

தமிழில் நாங்கள் இலங்கைக்காரர்கள் இந்தச் சொல்லை இந்தியாவைவிட அதிகமாகப் பாவிக்கிறோம். அங்கே "வேலைநிறுத்தம்" என்று பத்திரிகையில் வருவது இங்கே "பணிப்பகிஷ்கரிப்பு". வைத்தியர்கள், ரயில்வே ஊழியர்கள், நாங்கள் எல்லோரும் பணிப்பகிஷ்கரிப்புத்தான். பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பகிஷ்கரிப்பு. கடை அடைத்தால் மட்டும் ஹர்த்தால். அது குஜராத்தியிலிருந்து வந்தது, கடைக்குப் பூட்டு என்றுதான் அர்த்தம்.

ஆனால் "பகிஷ்கரி" என்ற சொல் பொய்கொட் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. சமஸ்கிருதத்தில் "பஹிஸ்" என்றால் வெளியே. "வெளியே ஆக்குவது" பகிஷ்காரம். சாதியை விட்டு, ஊரை விட்டு ஒருவரைத் தள்ளிவைப்பதுதான் அதன் பழைய வேலை. ஊர்விலக்கு, தள்ளிவைத்தல், அன்னந் தண்ணீர் புழங்காமை என்று தமிழிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கொல்லன் வரமாட்டான், துணி வெளுக்கிறவர் வரமாட்டார், கடையில் சாமான் கிடைக்காது. மேயோவில் நடந்த அதே காரியங்கள்தான். ஆனால் இங்கே பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள், தள்ளப்பட்டவன் எளியவன். ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியவர்கள் இந்தப் பழைய சட்டையையே அதற்கு மாட்டிவிட்டார்கள். அதனால் குடிகள் துரையைத் தள்ளி வைத்தாலும் அதே சொல், ஊர் ஓர் ஏழையைத் தள்ளி வைத்தாலும் அதே சொல்.

இந்த வித்தியாசத்தை நன்றாகக் கண்டவர் அம்பேத்கர். 1924 இல் அவர் தொடங்கிய சபையின் பெயரிலேயே "பகிஷ்கிருத" என்று இருக்கிறது. 1927 இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் "பகிஷ்கிருத பாரத்", அதாவது வெளியே தள்ளப்பட்டவர்களின் பாரதம். அதே வருடம் மார்ச் மாதம் மஹத் நகரில் பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மக்களைக் கூட்டிக்கொண்டு போனார். 1930 இல் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. காங்கிரஸ் இந்தியா முழுக்க அந்நியத் துணியைப் பகிஷ்கரித்துக்கொண்டிருந்த அதே வருடம், லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர், சமூகப் பகிஷ்கரிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். குற்றம் எது என்ற விளக்கத்தை 1922 இன் பர்மியப் பகிஷ்கரிப்பு எதிர்ப்புச் சட்டத்திலிருந்து எடுத்தார். ஒரே சொல்லை ஒருவர் விடுதலை ஆயுதமாகப் பிடிக்கிறார், இன்னொருவர் அதற்கு எதிராகச் சட்டம் கேட்கிறார். இரண்டு பேரும் சரி. தீண்டப்படாதவராக வைக்கப்பட்டவருக்குக் காணி மேல்சாதிக்காரனுடையது, கூலியும் அவனிடம், கடையும் அவனுடையது. அவன் ஒருநாள் கதவைச் சாத்தினால் இவன் பட்டினி. இவன் கதவைச் சாத்தினால் அவனுக்குத் தெரியக்கூட வராது. மகாராஷ்டிரத்தில் சமூகப் பகிஷ்கரிப்புக்கு எதிராகத் தனிச் சட்டம் 2016 இல்தான் நிறைவேறியது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்க அம்பேத்கர் வரை போகத் தேவையில்லை. மத்ரஸாவில் படித்த கதையே போதும். மக்காவில் குறைஷிகள் சேர்ந்து பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் குடும்பங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லை, கலியாணம் இல்லை என்று எழுதி அந்த ஏட்டைக் கஃபாவில் தொங்க விட்டார்கள். நபி (ஸல்) அவர்களும் குடும்பத்தாரும் அபூதாலிப் கணவாயில் மூன்று வருடத்துக்குக் கிட்ட இருந்தார்கள். இலையைத் தின்ற கதையும் பிள்ளைகள் அழுத சத்தம் வெளியே கேட்ட கதையும் எங்களுக்கு மனப்பாடம். கரையான் ஏட்டை அரித்த கதையைப் பயானில் எப்போதும் சொல்வார்கள். ஹிஷாம் இப்னு அம்ரு பற்றி அவ்வளவு சொல்வதில்லை. அவர் அந்த நேரம் முஸ்லிம் இல்லை. இரவில் ஒட்டகத்தில் உணவை ஏற்றிக்கொண்டு கணவாய் வாய்க்கு வந்து, கடிவாளத்தைக் கழற்றி, விலாவில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே ஓட்டிவிடுவார். அந்த ஏட்டைக் கிழிக்க வேண்டும் என்று முதலில் ஆள் சேர்த்தவரும் அவர்தான்.

இலங்கையில் இந்தச் சொல்லுக்குப் பெருமை சேர்த்த சம்பவம் என்றால் 1931. டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசுப் பேரவைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. மே 4, நியமனப் பத்திர நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, நான்கு தொகுதியிலும் ஒருவரும் பத்திரம் கொடுக்கவில்லை. 1934 வரை நாற்காலிகள் வெறுமையாக இருந்தன. அதனால் தமிழருக்கு நன்மையா தீமையா என்று இன்றுவரை சண்டை. நான் அதற்குள் போகவில்லை. அது மேலே இருந்த வெள்ளைக்கார அரசுக்கு எதிரானது, கோரிக்கை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கில் நடந்ததையும் பகிஷ்கரிப்பு என்றுதான் எழுதினார்கள். பயத்தில் வீட்டுக்குள் இருந்தவரை என்ன சொல்லால் அழைப்பது? அயர்லாந்திலும் இந்தக் கேள்வி இருந்தது. பலின்ரோப் கடைக்காரர் எல்லோரும் விரும்பியா கதவைச் சாத்தினார்கள்?

நானும் செய்தவன்தான். 2021 ஜூலை 12 தொடக்கம் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலைப் பகிஷ்கரித்தோம். மூன்று மாதத்துக்கு மேல் போனது. கோரிக்கை நியாயம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேல் டிவிஷன் லயத்தில் இருக்கும் என்னுடைய மாணவி ஒருத்திக்கு நாங்கள் பகிஷ்கரித்தது தெரியவே தெரியாது. சிக்னல் இல்லாததால் அவள் அதற்கு முன்பும் வகுப்புக்கு வந்ததில்லை.

இப்போது எங்கள் பக்கம். கம்பளை எங்களுக்குப் பக்கத்து நகரம். அங்கே அம்பகமுவ வீதியில் இருந்த பள்ளிவாசலைத் தாண்டி வல்லஹாகொட தேவாலயப் பெரஹரா மேளத்தோடு போகலாமா என்று வழக்கு வந்தது. 1815 கண்டி ஒப்பந்தத்தைக் காட்டி தேவாலயத்தார் வாதாடினார்கள். 1914 ஜூனில் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி போல் பீரிஸ் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28, வெசாக் இரவு, கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கியது நாடு முழுக்கப் பரவியது. ஜூன் 2 இல் இராணுவச் சட்டம்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொஞ்சம் பின்னுக்குப் போனால்தான் எங்கள் சொல் அகப்படும். கலவரத்துக்குப் பல வருடம் முந்தியே, 1909 அளவில், பியதாச சிறிசேனவின் "சிங்கள ஜாதிய" பத்திரிகை கரையோரச் சோனகரோடும் கொச்சிக்காரரோடும் அந்நியரோடும் கொடுக்கல் வாங்கல் வைக்க வேண்டாம் என்று எழுதியது. கடன், விலை பற்றிச் சனங்களுக்கு உண்மையான குறைகள் இருந்திருக்கும். யுத்த காலத்தில் சாமான் விலை ஏறியது. வியாபாரிகள் எல்லோரும் நல்லவர்கள் என்று வியாபாரி மகன் நானே சொல்லமாட்டேன். ஆனால் மேலே நான் மனதில் வைக்கச் சொன்னதை இப்போது எடுங்கள். எதைச் செய்தால் திரும்பி வருவீர்கள்? விலையைக் குறைத்தாலா? அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை. கடைக்காரன் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும், அதுதான் கோரிக்கை. அதை எந்தக் கடைக்காரனால் நிறைவேற்ற முடியும்?

2013 இல் ஹலால் இலச்சினை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய. கண்டி மாவட்டத்துக்கு ஊரடங்கு, நாட்டுக்கு அவசரகாலச் சட்டம், பேஸ்புக் முடக்கம். கடைகள் எரிந்தன. பிறகு 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் இறந்த அந்த மக்களுக்கு முன்னால் எங்கள் கஷ்டம் எதுவும் பெரிதில்லை. அதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன். அதன் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்பது போனுக்குப் போன் ஓடியது. மேடையிலும் பேசினார்கள்.

வாப்பாவுக்கு புசல்லாவை பஜாரில் சின்னதாக ஒரு புடவைக்கடை. தீபாவளிக்குத் தோட்டத்துச் சனம், சித்திரைப் புத்தாண்டுக்குச் சுற்றுச் சிங்களக் கிராமத்துச் சனம், பெருநாளைக்கு எங்கள் ஆட்கள். மூன்று பருவத்தில் கடை வருடம் முழுக்க ஓடும். கடன் கொப்பி ஒன்று உண்டு. அந்த வருடம் புத்தாண்டுக்குக் கொடுத்த கடன் எல்லாம் கொப்பியில் இருக்கும்போதுதான் குண்டு வெடித்தது. மே மாதம் ஒரு முழு நாளில் ஒரு உள்பனியன் விற்ற நாள் எனக்குத் தெரியும். நோன்பு காலம் வேறு. வாப்பா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார். தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் வந்தார்கள், அவர்கள்தான் அந்த மாதத்தை ஓட்டினார்கள்.

ஜூன் மாதம், பெருநாள் முடிந்து ஒரு நாள். மஃரிபுக்குப் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். குனிந்து உள்ளே ஒருவர் வந்தார். இருபது வருட வாடிக்கையாளர், கிராமத்தில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர். "நானா, கொப்பிய எடுங்க" என்றார், சிங்களத்தில். புத்தாண்டுக் கடனை ஒரு சதம் குறையாமல் எண்ணி வைத்தார். வாப்பாவின் பிரஷரைப் பற்றி விசாரித்தார். சாரம் அடுக்கியிருந்த தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் வாங்கவில்லை. வந்தது போலவே குனிந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம். "கணக்க முடிச்சிட்டுப் போறார் வாப்பா. இவரும் பகிஷ்கரிக்கிறார்" என்றேன். வாப்பா கொப்பியில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். "இல்ல மகன். கடையில இருந்து பேக் ஒண்டத் தூக்கிட்டுப் போனா அவர்ட ஊருல கேப்பாங்கதானே. அவரும் ஊரோட வாழணும்" என்றார்.

அடுத்த வருடம் புத்தாண்டு கொரோனா ஊரடங்கில் போனது. அதற்கு அடுத்த வருடம் சித்திரை மாதம், பட்டப்பகலில், மனைவியோடு வந்தார். இரண்டு சாரம், ஒரு பாவாடைத் துணி, பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை. பணம் போதவில்லை. கொப்பியில் அவர் பெயரைப் புதிதாக எழுதினோம்.

இதை எல்லாம் அடுத்த நாள் ஆண்டு 10 வகுப்பில் சொன்னேன். ஆங்கிலப் பாடவேளை முழுக்கப் போய்விட்டது, அதிபர் மன்னிக்க வேண்டும். குளிர்பானத்தை வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை, நானும் வாங்குவதில்லை என்றேன். அந்தக் கம்பனிக்கு உங்கள் ஐநூறு ரூபா ஒரு தூசி, ஆனாலும் ஆயிரம் ஆயிரம் பேர் சேர்ந்தால் கணக்கில் தெரியும், அது பொய்கொட் என்றேன். அக்காவின் கடைக்கு உங்கள் ஐம்பது ரூபா என்ன என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. பின்வாங்கிலிருந்து அந்த கிரிக்கெட்காரன்தான் கேட்டான்: "சேர், அந்த பொய்கொட்டுக்குக் கடைசியில என்ன நடந்த?"

ஒன்றும் நடக்கவில்லை என்றேன். 1897 வரை இருந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு காணிச் சொந்தக்காரரின் முகவராக இருந்தார். ஆனால் விடுமுறை கிடைத்தால் அயர்லாந்துக்குத்தான் போவாராம்.

இன்று இடைவேளைக்கு அக்காவின் கடைக்குப் போனேன். அந்தக் குளிர்பானம் அலமாரியில் இன்னும் நாலு போத்தல் இருக்கிறது. புதிதாக எடுக்கவில்லையாம், "பிள்ளைங்க வாங்க மாட்டேங்குதுங்க சேர், இது விக்காட்டி எனக்குத்தான் நட்டம்" என்றார். பிளேன்ரீயும் இரண்டு வடையும் எடுத்தேன். திரும்பும்போது வாசலில் எங்கள் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் நின்றார்கள், உள்ளே வரவா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.